கேட் வரைக்கும் வந்தவன்

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, மாதர் சங்கத் தாய்மார்களே, பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்ட என் தெருக்காரர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் குமாரவேல். அம்சவேணியின் கணவன். கரண்ட் ஆபீசில் சூப்பர்வைசர். லைனைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசுவேன். மேடைப் பேச்சு தெரியாது. நோட்டீசில் 'ஆசிரியை கிரேஸ் அம்சவேணி அம்மையார்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். இருபத்தாறு வயதில் அம்மையார்! மூளைக்காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். எனக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

எங்களுடையது ரிஜிஸ்டர் கல்யாணம். எனக்கு எந்தச் சாமியும் கிடையாது. அவள் மட்டும் ஞாயிறுதோறும் இந்தக் கோயிலுக்குப் போனாள். மழையா, போனாள். வீட்டில் சண்டையா, போனாள். எங்கள் தெருவில் கண் தெரியாத எல்லம்மாளை என் சைக்கிள் கேரியரில் உட்கார வைப்போம். நான் தள்ளுவேன், அம்சவேணி பக்கத்தில் நடந்து வருவாள். கேட்டில் இறக்கிவிட்டு நான் எதிர் டீக்கடைக்குப் போய்விடுவேன். கிழவியின் கையைப் பிடித்து அவள் உள்ளே போவாள்.

சபை மூப்பர் தர்மன் ஐயா ஒருநாள் அவளைக் கேட்டார்: "ஏம்மா, உன் வீட்டுக்காரரு எப்பத்தான் உள்ள வருவாரு?"

"கேட் வரைக்கும் வந்துட்டாரே ஐயா! மீதி தூரம் ஆண்டவர் பொறுப்பு."

என்னைக் கட்டிக்கொண்டதற்காக இங்கே அவளுக்குச் சில காலம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தறி வேலை கெடுகிறது என்று அங்கே வீட்டில் என் அம்மா முறைத்தாள். இரண்டு இடத்திலும் முகம் கொடுக்காவிட்டால் ஒரு பெண் எங்கே போவாள்? அவள் இரண்டு இடத்துக்கும் போனாள்!

ஒரு ஞாயிறு, தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் ஒரு கை குறைந்தாலும் பட்டு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோயில் மணி அடித்தது.

"மணி அடிச்சா ஓடிடுவியா? நூலு ஒட்டிக்கினா உங்க சாமி வந்து பிரிச்சுக் குடுக்குமாடி?" என்றாள் அம்மா.

"அவருக்கு நெசவு தெரியாது அத்தே. அதான் என்னை அனுப்பியிருக்காரு."

தெருவே சிரித்தது. பாவைச் சுருட்டிய பிறகுதான் கிளம்பினாள். நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தீர்கள். காலிக் கோயிலுக்குள் அவளும் எல்லம்மாளும் போய்ப் பாடினார்கள். டீக்கடை வரைக்கும் கேட்டது.

அடுத்த வாரம் அம்மா இருட்டோடு எழுந்து பாவு நீட்டினாள். ஏன் என்றேன். "கண்ணு தெரியாத கெழவி காத்துக்கினு இருக்குதேடா, அதுக்கோசரம்" என்றாள். மருமகளுக்காக என்று கடைசி வரை சொல்லவே இல்லை. இதோ, அந்த வாசலில்தான் நிற்கிறாள். எம்மா, உள்ள வாம்மா.

நேற்று ஞாயிறு. எல்லம்மாள் வெள்ளைப் புடவை கட்டி, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் சைக்கிள் சத்தம் கேட்டதும், "நான் வூட்லயே ஜெபம் பண்ணிக்கிறேம்பா. உனக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றாள். கோயிலுக்கென்று கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு இதைச் சொன்னாள்.

அவள் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்னீர்கள். அவள் வகுப்பைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். இந்தக் கிழவியை யார் பார்ப்பது? நான்தான்.

எனக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கே நின்று பொய் சொன்னால் அவள் மன்னிக்க மாட்டாள். ஆனால் வரும் ஞாயிறு எல்லம்மாளை நான் கூட்டி வருவேன். அதற்கு அடுத்த ஞாயிறும் வருவேன். கேட்டில் விட்டுவிட்டால் அவளுக்கு வழி தெரியாது. பெண்கள் பக்கத்து பெஞ்சு வரைக்கும் கை பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். வைப்பேன்.

தர்மன் ஐயா, அதன் பிறகு, ஆராதனை முடிகிற வரைக்கும் நான் எங்கே உட்காரட்டும்?