மீன் குடிபோகும் நேரம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கெலாங் பாத்தா ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி. அந்தம்மா மடியில் தண்ணீர்ப் பை, உள்ளே ஒரு கடல்மீன்.

"வீட்டுக்குப் போனதும் புது உப்புத்தண்ணித் தொட்டியில கொட்டிடு. ராகு காலம் வருது லா" என்றார் புருஷன்.

"அப்படிக் கொட்டித்தான் போன மீனைக் கொன்னீங்க. பையோட மிதக்க விட்டு, தொட்டித் தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா பைக்குள்ள ஊத்தணும். நேரமாகும்."

"அலமாக், ஐயோ. அதுக்குள்ள ராகு காலம் வந்துடுமே."

அவர் கைக்கடிகாரத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பையோட தொட்டிக்குள்ள வெச்சிட்டாலே குடிபோன மாதிரிதானே?"

"ஆமாங்க. நல்ல நேரத்துல வாசல்படி தாண்டிடும், மெதுவா உள்ள வரட்டும்."

"அப்ப பால் காய்ச்சணுமே."

"காய்ச்சி நீங்களே குடிங்க. தொட்டியில ஊத்திடாதீங்க."

பஸ்ஸே சிரித்தது, டிரைவரும்தான்.

தண்ணீர் ஊற்றும் முறையைச் சரியாகக் கேட்டேனா தெரியவில்லை. மீன் வளர்ப்பவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.