சாமிக்கு முதுகு காட்டிய மனிதர்

பெரியோர்களே, தாய்மார்களே! என் உரையைத் தொடங்கும் முன், ஆழ்ந்த துயரத்தோடு ஒரு செய்தியை அறிவிக்க வேண்டியிருக்கிறது. நம் மன்றத் தலைவர் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளில் இடது கால் செருப்பை, சற்று முன் ஒரு நாய் கவ்விக்கொண்டு மாரிக்குப்பம் ஸ்டேஷன் பக்கம் ஓடிவிட்டது. வலது கால் செருப்பு நலமாக இருக்கிறது. தலைவர் முறைக்க வேண்டாம். சிரிப்பில்லாத கூட்டத்தில், போன வாரம் நம்மை விட்டுப் போன எங்கள் சகாயம் மாமா அதிக நேரம் உட்கார்ந்ததில்லை. அவர் படத்துக்கு நான் போடும் மாலை இதுதான்.

தலைவர் ராஜேந்திரன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமாவின் துணைவியார் ஐடா அத்தை அவர்களே! அத்தையின் அண்ணன், பெரியவர் சூசைராஜ் அவர்களே! எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் மக்களே! இளைஞர் அணி சார்பில் பி.யு.சி. மாணவன் ரூபேஷின் வணக்கம். "இவன் கைலயா மைக்க குடுத்தீங்க?" என்று தாயம்மாக்கா பின்னால் கேட்பது காதில் விழுகிறது. கொடுத்துவிட்டார்கள் அக்கா. திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.

யார் இந்தச் சகாயம்? சுரங்கத்துக்குள் மேலிருந்து கல் சரியாதபடி மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தியவர். ஒருமுறை பாறை வெடித்துச் சரிந்தது. அன்று கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது ஊருக்கெல்லாம் சேர்த்து ஜெபம் சொன்ன அவருடைய கூட்டாளி, கேஜில் ஏறி வரவில்லை. அதற்குப் பிறகு மாமா கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. யாரிடமும் வாதாடவில்லை, யாரையும் போகாதே என்று தடுக்கவும் இல்லை. ஐடா அத்தையை ஞாயிறுதோறும் சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார்.

போன வாரம் கல்லறையில் மண் போட்டு முடித்ததும், பெரியவர் சூசைராஜ் ஒரு வார்த்தை சொன்னார். "நம்பாதவனுக்கு மோட்சத்துல இன்னா வேலை?" அவ்வளவுதான் சொன்னார். அன்று முதல் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அத்தை ஒரே கேள்வியைக் கேட்கிறார். "அவரு இப்ப எங்க இருப்பாரு?" சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு கேட்கிறார், பிறகு தட்டை அப்படியே தள்ளிவிடுகிறார். பால்காரரிடமும் கேட்டார். அவர் பயந்துபோய், "அத்தெல்லாம் தெரியாதும்மா, பால வாங்கிக்க" என்றாராம்.

தெரியாதா? எனக்குத் தெரியும்! சொல்லத்தான் வந்திருக்கிறேன்!

மாதா தேர் எங்கள் லைனுக்குள் நுழையும்போது என்ன நடக்கும்? தேர் உயரம், சந்து குறுகல். தலைக்கு மேலே கரண்ட் ஒயர். போதாததற்கு இப்போது கேபிள் டிவி ஒயர் வேறு, துணி காயப்போட்ட மாதிரி. ரப்பர் சுற்றிய நீண்ட மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, தேருக்கு முன்னால் எங்கள் மாமா நடப்பார். ஒவ்வொரு ஒயராகத் தூக்கிப் பிடிப்பார்; தேர் கடந்ததும் மெல்ல இறக்குவார். ஆடியில் மாரியம்மன் வந்தாலும் அவர்தான். மொகரம் ஊர்வலத்தில் பஞ்சா என்கிற கைச்சின்னம் வந்தாலும் அவர்தான். ஊரெல்லாம் சாமியைப் பார்க்கும். அவர் மட்டும் ஒயரைப் பார்ப்பார். சாமிக்குக் கிடைப்பது அவருடைய முதுகுதான்!

இதைப் பெரியவர் சூசைராஜ் அவரிடமே கேட்டிருக்கிறார். "இன்னா மச்சான், வருஷா வருஷம் சாமிக்கு முதுக காட்டிக்கினே போறியே, உனுக்கு உறுத்தலியா?"

மாமா சொன்ன பதில்: "நான் திரும்பி கும்புட்டா, ஒயரு வந்து சாமிய கும்புடும். பரவால்லியா?"

ஒரு வருடம் நான், வெள்ளைத் தாளில் இரண்டு பெரிய கண்களை வரைந்து, அவர் சட்டையின் முதுகில் ஒட்டிவிட்டேன். தேர் போன வழி முழுக்க அந்தக் கண்கள் மாதாவைப் பார்த்தபடியே போயின. வீட்டில் அத்தை அதைக் கண்டுபிடித்து என் காதைத் திருகினார். மாமாவோ தாளை வாங்கிப் பார்த்து, "இன்னாடா இது, ஒரு கண்ணு மேல போவுது, ஒரு கண்ணு கீழ போவுது? மாதாவுக்கு நான் மாறுகண்ணனாவா தெரியணும்? அடுத்த வருஷம் நல்லா வரை" என்றார். கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் திருத்தம் சொன்ன மனிதர் அவர்!

இன்னொரு வருடம் அவர் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மூங்கிலை யார் பிடித்தார்? நம் பெரியவர் சூசைராஜ். பக்தியில் அவரை மிஞ்ச ஆளில்லை, நானே சாட்சி. பாட்டு உச்சத்துக்குப் போனது. பெரியவருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஒரே ஒரு நொடி திரும்பி, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டார். போட்ட கை மூங்கிலை விட்ட கை! ஒயர் இறங்கிக் கிரீடத்தில் மாட்டியது. கிரீடம் சாய்ந்தது, லைன் முழுக்க இருட்டு. பெரியவர் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமா கேட்டது என்ன? "யாருக்கும் ஷாக் அடிக்கலியே?" இரண்டாவது கேள்வி: "சூசை சாப்டானா?"

இப்போது நான் கேட்கிறேன். அந்த நொடியில் மாதா யாரைக் கோபித்திருப்பார்? தன்னைப் பார்த்து அழுத பெரியவரையா? கோபித்திருக்க மாட்டார்! அப்படியானால், தன்னைப் பார்க்காமலே தன்னை வீதி முழுக்கக் காப்பாற்றிக் கூட்டிப்போனவரை மட்டும் கோபிப்பாரா? தேர் மேலே இருந்து பார்த்தால் என்ன தெரியும்? உள்ளே இருக்கும் நம்பிக்கை தெரியுமோ என்னவோ, வேர்வையில் ஒட்டிப்போன சட்டை தெரியும். நடுங்குகிற தோள் தெரியும். கடவுள் பார்வையைக் கேட்பாரா, சுமந்த பாரத்தைக் கேட்பாரா? பாரத்தைத்தான் கேட்பார்! ஐடா அத்தை, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். முகத்தைக் காட்டினால்தான் அடையாளம் தெரியும் என்றிருந்தால் அவர் கடவுளே இல்லை. அந்த முதுகை அவருக்கு நன்றாகத் தெரியும்!

சகாயம் மாமா விட்ட வேலை நிற்காது. சுரங்கம் மூடிவிட்டது, பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்விட்டார்கள். ஒயர் தூக்க ஆளில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வருகிற மாதா திருநாளுக்கு அந்த மூங்கிலை இந்த ரூபேஷ் ஒற்றை ஆளாகத் தூக்குவான்! யாரையும் கூப்பிடாமல், மேலே ஒருவரையும் வேண்டாமல், மாமா தூக்கிய மாதிரியே தூக்குவான்! இது உறுதி!

...

கைதட்ட வேண்டாம். ஒரு விஷயம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் அந்த மூங்கிலைத் தூக்கிப் பார்த்தேன். பார்ப்பதற்குத்தான் ஒல்லி. நிமிர்த்தியதும் நுனி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஒயர் ஆடியது. வாய் தானாக, "மாதாவே! மாரியாத்தா!" என்று இரண்டு பேரையும் கத்திக் கூப்பிட்டது. மாமாவின் சீடன் என்று இவ்வளவு நேரம் மார்தட்டியவன்தான். யாரை நம்புகிறேன் என்றுகூட அப்போது எனக்குத் தெளிவில்லை. வந்தால் போதும் என்றிருந்தது.

ஆகவே, ஒற்றை ஆள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மூங்கிலின் அடியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். உயரமானவராக, அனுபவம் உள்ளவராக. பெரியவர் சூசைராஜ் அவர்களே, நீங்கள் வருவீர்களா? பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நீங்கள் தாராளமாகத் திரும்பிக் கும்பிடுங்கள். எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கள். அந்த நேரம் நான் ஒயரைப் பார்த்துக்கொள்கிறேன்.