நான் எடுக்காத பாடம்

ஊசி போடுவதில் எனக்கு ராசியான கை என்பார்கள். அன்றும் அப்படித்தான். அண்ணியின் உடம்பு கட்டிலில் தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணன் கால்களை அமுக்கிப் பிடித்திருந்தான். நான் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து டிரிப் ஏற்றினேன்.

"காலையில நல்லாத்தான்டா பேசிட்டு இருந்தா..." என்றான் அண்ணன்.

கதவோரம் நின்றிருந்தாள் என் மாணவி, உளவியலாளர். அண்ணியின் மனநோய்க்கு லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தவள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. நான் மனநல டாக்டர். பிணம் அறுத்து, தூக்கம் கெட்டு வாங்கிய பேனா என்னுடையது. கவுன்சலிங் மட்டும் செய்துகொண்டிருந்த உளவியலாளர்களும் இனி மாத்திரை எழுதலாம் என்று மேலிடம் முடிவெடுத்தது. அதற்கு ஒரு குட்டிப் பயிற்சி. நடத்துவது யார்? நான். என் பேனாவை நானே மூடி கழற்றி நீட்ட வேண்டும்.

கோபமா என்கிறீர்கள். இல்லை, கவலை. நோயாளிகளைப் பற்றிய கவலை.

சின்ன வயதில் அம்மா எதற்கு அடித்தாள் என்று மணிக்கணக்கில் கேட்பார்கள் இவர்கள். முட்டி வலிக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். லித்தியத்தோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால், லித்தியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி விஷமாகும். அந்தப் பாடத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. தப்பாக எதையும் சொல்லித்தரவில்லை, கவனியுங்கள். தாண்டிப் போனேன், அவ்வளவுதான்.

அண்ணியை அவளிடம் அனுப்பியதும் நான்தான். "வீட்டு ஆளை நானே பாக்கக் கூடாது அண்ணி. என் ஸ்டூடன்ட் கெட்டிக்காரி."

"போன வாரம்கூட ரத்தத்துல லித்தியம் அளவு சரியா இருந்துச்சு சார்" என்றாள் அவள்.

"முட்டிவலிக்கு மாத்திரை போடறாங்களே, அதைக் கேட்டியா?" அண்ணன் காதில் விழும்படிதான் கேட்டேன்.

"கேட்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

"பிரிஸ்கிரிப்ஷன் பேடு மட்டும் கேட்டு வாங்கத் தெரிஞ்சுதா?"

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தான். "என் குடியைக் கெடுத்துட்டியேடி, பாவி." நான்தான் நடுவில் புகுந்து தடுத்தேன். அந்த அளவுக்கு நல்லவன்.

அண்ணி பிழைக்கவில்லை. பயிற்சியை நிறுத்தினார்கள். என் மாணவியை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது.

ஆனால் கேட்பதுதானே இவர்கள் தொழில். நான் சொன்ன ஒரு வரியை அவள் விடாமல் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நேற்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள்.

"முட்டிவலி மாத்திரை போட்டது இவருக்கே தெரியாது சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஆமாம், ஐயா. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனை முடிந்த மறுநாளிலிருந்து, தினமும், என் கையால். "இப்ப வலியே இல்ல தம்பி" என்று அண்ணி எவ்வளவு சந்தோஷப்பட்டார், தெரியுமா? கொழுந்தன் டாக்டராக இருந்துகொண்டு, அண்ணி வலியில் துடிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?