கரி பூசாத ஓரம்

மச்சினன் தும்மியபோது முதல் படிகம் என் இடுக்கியின் நுனியில் இருந்தது. கடுகில் பாதிதான் இருக்கும். அடுத்த நொடி அது அங்கே இல்லை. இருவரும் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினோம். பக்கத்தில் எக்ஸ்-ரே கற்றை எங்களுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம்.

"இருக்கறதுலயே அழகானது அதுதான் மாமா," என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"மூக்கை அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். போகட்டும் மாப்ள, மத்ததை ரெடி பண்ணு."

விசாரணைக் குழுவினரான நீங்கள், இவன் என்ன தும்மலில் ஆரம்பிக்கிறான் என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் என் மனைவியின் தம்பி. ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். டீ ஆறும்வரை பொறுக்க மாட்டான்; நாக்கைச் சுட்டுக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடுவான். "என் தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க," என்று மனைவி சொல்லியிருந்தாள். பார்த்துக்கொண்டேன்.

அந்தப் படிகம்தான் எங்கள் மீக்கடத்தி; சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கானது. நன்றாகக் குளிர்வித்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். எந்த அடுக்கு அதற்குக் காரணம் என்பதுதான் கேள்வி. நடு அடுக்கின் ஆக்சிஜன் என்றான் அவசரம். அது சரியென்றால் எக்ஸ்-ரே நிறமாலையில் ஒரு சின்ன மேடு தெரிய வேண்டும். தெரிந்தால் அவனுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். தெரியாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

படிகத்தைத் தகட்டில் ஒட்டுவதும், மேல் அடுக்கை ஒட்டுநாடாவால் உரித்தெடுப்பதும் அவன் வேலை. சுற்றிலும் பிதுங்கி நிற்கும் பசையின் மேல் கரிக்குழம்பு பூசி மறைப்பது என் வேலை. பசையிலும் ஆக்சிஜன் உண்டு. கற்றை அதன்மேல் பட்டால் ஏறக்குறைய அதே இடத்தில் அதுவும் ஒரு மேட்டைக் காட்டிவிடும். பிறகு எது பசை, எது படிகம் என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது.

மேடு வந்தது. எல்லாத் தகட்டிலும் வந்தது. அவசரம் கட்டுரை எழுதினான். மாமியார் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். கருத்தரங்கில் அவன் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஓர் அம்மையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பசையை மூடினீங்களா தம்பி?"

"எங்க மாமா பூசினார் மேடம். சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாலும் பொட்டு இடம் விட மாட்டார்."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு தகடுகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரம் மட்டும் கரி படாமல் பளபளத்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மறுபடி அளக்கலாம் என்றால் படிகங்களை உரித்து உரித்தே தீர்த்திருந்தோம். புதிதாக வளர்த்தவை ஒழுங்காக அமையவில்லை. "நான்தான் மாமாவை அவசரப்படுத்தியிருப்பேன்" என்று உங்கள் முன்னால் அவனே பழியை ஏற்றுக்கொண்டு போய்விட்டான். தங்கமான பையன்.

ஆனால் அது உண்மையல்ல. என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது. அந்த ஓரத்தை வேண்டுமென்றேதான் விட்டேன், ஒவ்வொரு தகட்டிலும். சின்ன வயதிலேயே எல்லாம் கைக்கு வந்துவிட்டால் மனிதன் கெட்டுப்போவான். அக்கறையில் செய்தது.

கற்றை நேரம் கேட்கும் என் புதிய விண்ணப்பத்தைப் பார்த்து, "தீர்ந்துபோன படிகம் உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தும்மலில் தொலைந்த அந்த முதல் படிகம், தேடிக்கொண்டிருந்தபோதே என் கால்சட்டை மடிப்பில் மின்னிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவசரம் தன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன நேரத்தில் அதைத் தகட்டில் ஒட்டி, நாலு பக்கமும் பொட்டு இடம் விடாமல் கரி பூசி அளந்தேன். மேடு நிமிர்ந்து நின்றது. அவன் சொன்னது அத்தனையும் சரி. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற தகடுகளுக்குக் கரி பூச உட்கார்ந்தேன்.

முறைப்படி அளந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கண்டுபிடிப்பு என் பெயரில் வருவதே நியாயம். கற்றை நேரம் ஒதுக்கித் தாருங்கள். கட்டுரையின் கடைசியில் அவனுக்கும் ஒரு வரி நன்றி போட்டுவிடுகிறேன். குடும்பத்துக்குள் வஞ்சனை செய்கிறவன் அல்ல நான்.