சத்தம் வருது, முகம் வரல

மால்சுன்: ...இதோ, என் குரல்தான். பொண்ணு கல்யாணத்துல கூட யாரையோ அதட்டிட்டு இருக்கேன். முகம் எங்கேடா, யோங்தே?

யோங்தே: வரும்மா. சத்தம் மட்டும் வருது, படம் கறுப்பா நிக்குது. கோடெக் இல்ல.

மால்சுன்: சந்தையில கிடைக்குமா?

யோங்தே: முள்ளங்கியா அது... வீடியோவைப் பிரிச்சுக் காட்டுற மென்பொருள். இது விண்டோஸ் எக்ஸ்பி. இப்ப வர்ற கோடெக் எதுவும் இதுல ஏறாது.

மால்சுன்: நீ காலேஜ் சேர்ந்தப்ப வாங்கின டப்பா. அப்பவே தூக்கிப் போட்டிருக்கணும்.

யோங்தே: நல்லவேளை போடல. அக்கா சூரான் கல்யாண வீடியோ இதுல மட்டும்தான் இருக்கு. இதுக்கு நெட்டும் இல்ல, பென் டிரைவ் சொருகுற ஓட்டையும் செத்துப் போச்சு. அதான் ஆபீஸ்ல பழைய கோடெக்கா தேடி சிடியில...

மால்சுன்: சம்பளம் இதுக்கா குடுக்கறான்? பார்லி டீ ஆறுது, குடி.

யோங்தே: இரும்மா... ஏறிடுச்சு. இப்ப பாரு.

மால்சுன்: எல்லாரும் தலைகீழா நடக்குறாங்க.

யோங்தே: ப்ச்... ரெண்டு கோடெக் ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஒண்ணைக் கழட்டணும்.

மால்சுன்: மாப்பிள்ளை இப்படித்தான் லட்சணமா இருக்கார். விட்டுடு.

யோங்தே: அம்மா...

மால்சுன்: சிரிடா கொஞ்சம். என் எழுபதாவது பிறந்தநாள் மண்டபத்துல மாட்டத்தானே படம்? இப்பவே ஒண்ணு எடுத்தா என்னவாம்?

யோங்தே: இப்ப நீ... ரொம்ப இளைச்சிருக்கேம்மா. தேறினதும் எடுக்கலாம். இந்த வீடியோ ஓடட்டும், திரையை அப்படியே போன்ல எடுத்துடறேன்.

மால்சுன்: தேறிடுவேன்னு டாக்டர் சொன்னாரா?

யோங்தே: ம்... சொன்னார். அம்மா, இங்கே பாரு. நேரா வந்துடுச்சு.

மால்சுன்: அடேயப்பா... கன்னம் எவ்வளவு இருந்திருக்கு எனக்கு.

யோங்தே: இங்கே நிறுத்தட்டுமா? சிரிக்கிறே.

மால்சுன்: வேணாம், பல்லு தெரியுது. பின்னாடி போ. நானும் சம்பந்தியம்மாவும் மெழுகுவத்தி ஏத்தறதுக்கு முன்னாடி... அங்கே. நேரா பார்க்கறேன் இல்ல? அதுதான்.

யோங்தே: பிறந்தநாளுக்குச் சிரிச்ச முகம்தானேம்மா...

மால்சுன்: நெஞ்சுல குத்தியிருக்கிற பூவை மட்டும் வெட்டிடு. கறுப்பு ரிப்பனோட அது சேராது.

யோங்தே: ...ரிப்பன் எதுக்கும்மா?

மால்சுன்: தேறமாட்டேன்னு டாக்டர் எங்கிட்டதான் முதல்ல சொன்னார். "என் பிள்ளைகிட்ட சொல்லுங்க, எனக்குத் தெரியாதுன்னும் சொல்லிடுங்க"ன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். எனக்குத் தெரியாதுன்னு இருந்தா, என்னை ஏமாத்தறதுக்காவது நீ நேரத்துக்குச் சாப்பிடுவே. உங்கப்பா சாவுக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கி, கறுப்பு ரிப்பன் கட்டி வச்சோம், வந்தவங்களுக்கு யாருன்னே தெரியல. எனக்கு அப்படி வேணாம்டா. கண்ணைத் துடைச்சுக்கோ... படம் ஆடாம எடு.