பூசைக்கு வைத்த பிஸ்டல்

தங்கமலர்: …உந்தத் துவக்குச் சுடுற கிளப்புக்குத்தானா பிள்ளை சனிக்கிழமை சனிக்கிழமை விடிய வெள்ளண வெளிக்கிட்டு ஓடுறனீ? நான் வேற என்னென்னவோ எல்லாம் நினைச்சன்.

கிருசாந்தி: நினைச்சதோட நிப்பாட்டினீங்களோ, நாலு பேருக்குச் சொன்னீங்களோ?

தங்கமலர்: ரெண்டு பேருக்குத்தான். அதுவும் அதுகள் கேட்டதாலை. முன்வீட்டில இருக்கிற எனக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியும் எண்டு கேக்குங்கள். இந்த வைலே ஊர்த் தமிழ்ச் சனத்தைத் தெரியுந்தானே.

கிருசாந்தி: நல்லாத் தெரியும். காதில கிடக்கிற மூடியைக் கழட்டாதேங்கோ மலரக்கா. நிலத்தில கிடக்கிற இந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலையே நில்லுங்கோ.

தங்கமலர்: இது நல்ல சாமான் பிள்ளை. காதை மூடியும் கதை கேக்குதே!

கிருசாந்தி: வெடிச் சத்தத்தைத்தான் மறிக்கும், கதையை மறிக்காது. மறிக்கிறதொண்டு வித்தால் உங்களுக்கெண்டே வாங்கியிருப்பன். …காரில சொன்னது ஞாபகம் இருக்கெல்லோ?

தங்கமலர்: என்னது?

கிருசாந்தி: மெதுவாக் கதையுங்கோ. பூசைக் கதை. இந்தப் பிஸ்டலை அலுமாரியால எடுத்து, ஆக்கள் வந்து போற இடத்தில, சாமிப் படத்தடியில வைச்சனான் எண்டு இஞ்ச தெரிஞ்சால் பொலிசுக்கு எழுதிப்போடுவினம். துவக்கு வைச்சிருக்கிற பேர்மிற் போயிடும். பிஸ்டலையும் கொண்டுபோயிடுவினம்.

தங்கமலர்: சிவ சிவா. கத்திரிக்கோல், தையல் மெசின், உன்ர மகள் அபிதாவின்ர பழைய லப்டொப், எல்லாம்தானே அண்டைக்கு ஆயுத பூசைக்கு வைச்சனீ. அதோட இதும் ஒரு ஆயுதம். இதில என்ன குற்றம்?

கிருசாந்தி: அதை இந்த நாட்டுச் சட்டத்துக்குச் சொல்லிப் பாருங்கோ. பூட்டின இரும்பு அலுமாரிக்குள்ள இருக்கோணும். அவ்வளவுதான். வாய் திறக்காதேங்கோ.

தங்கமலர்: நான் ஏன் திறக்கிறன்? …அது சரி, உனக்கு இந்தப் பழங்காலத்துத் துவக்கு ஏன்? இப்பத்தைப் பிஸ்டல் ஒண்டு எடுத்திருக்கலாமே? இது பெருநாள் கடையில விக்கிற விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு.

கிருசாந்தி: இதுக்குக் குழல் வாயாலை வெடிமருந்து போட்டு, வாயாலை குண்டு போட்டு, கம்பியாலை இடிச்சு இறுக்கோணும். ஒரு வெடிக்கு அவ்வளவு வேலை. அதுதான் எனக்குப் பிடிச்சது. அந்த நேரம் முழுக்க ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது எண்டது கிளப் சட்டம்.

தங்கமலர்: எனக்குத்தானே சொல்லுறாய்?

கிருசாந்தி: உங்களுக்குத்தான்.

தங்கமலர்: சரி, கதைக்கேல்லை. …ஒண்டே ஒண்டு. இதாலை மான் சுடலாமோ? இந்தக் காட்டுக்குள்ள நிறைய நிக்குதாமே.

கிருசாந்தி: கைத்துவக்கோட வேட்டைக்கு இஞ்ச விடமாட்டினம். வேறை நாடுகளில விடுவினமாம். எனக்கு அந்த ஆசை இல்லை. கடதாசியைச் சுட்டால் காணும், அது ஓடாது, அழாது.

தங்கமலர்: அங்கால நிக்கிற வெள்ளைக்காரன்ரை வேற மாதிரிக் கிடக்கு. கல்லு ஒண்டு பூட்டியிருக்கு.

கிருசாந்தி: அது சக்கிமுக்கிக் கல்லு. இஞ்சத்தை ஈரத்துக்குச் சரிவராது. கடையில மூண்டு காட்டினவன். கல்லு வைச்சது, ஆறு குண்டு போடுற சுழல்துவக்கு, இது. இதுக்குத் தலையில ஒரு சின்னச் செப்புத் தொப்பி வைக்கிறது. குதிரை எண்டுற இந்தச் சின்னச் சுத்தியல் வந்து அதில அடிக்க, தொப்பி வெடிச்சு நெருப்பு இந்த ஓட்டையாலை உள்ளுக்குப் போகும்.

தங்கமலர்: ஓமோம், அண்டைக்குப் பூசையிலயும் காட்டினனீ. …ஆறு குண்டுக்காரனை எடுத்திருக்கலாமே? காசு குடுக்கிறதுக்கு ஆறு எண்டால் ஆறுதானே.

கிருசாந்தி: ஆறு எனக்கென்னத்துக்கு அக்கா? ஒண்டு காணும், அதுவே போதும்.

தங்கமலர்: …

கிருசாந்தி: என்ன, சத்தத்தைக் காணேல்லை?

தங்கமலர்: ஒண்டுமில்லை. போடு, போடு. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். …அந்தப் பித்தளைக் குப்பிக்குள்ளதான் மருந்தோ? உழுத்தம்மா கருகினது மாதிரிக் கிடக்கு. ஐயோ, காத்து! என்ர ஜக்கெற்!

கிருசாந்தி: கிட்ட வராதேங்கோ எண்டு சொன்னனான்!

ஞானசேகரன்: கிருசாந்தி, லோடு பண்றப்ப பேச்சு வேண்டாம்னு உங்க கெஸ்ட்டுகிட்ட சொன்னீங்களா இல்லையா? அந்தக் கடைசி வரைக்கும் கேக்குது.

கிருசாந்தி: சொன்னனான் சேகர். சுவருக்குச் சொன்னாலும் கேட்டிருக்கும். இவ என்ர முன்வீட்டு மலரக்கா. அக்கா, இவர் ஞானசேகரன், இண்டைக்கு இஞ்ச பாதுகாப்புக்குப் பொறுப்பு. இவர் சொன்னால் நிக்கோணும், இரு எண்டால் இருக்கோணும்.

தங்கமலர்: இந்தியாத் தம்பியோ? எந்த ஊர்? கலியாணம் முடிச்சாச்சோ? கொம்பனி வேலையோ?

ஞானசேகரன்: அம்மா, எல்லாம் அப்புறமா காபி குடிக்கிறப்ப சொல்றேன். இப்ப பின்னாடி நில்லுங்க. கிருசாந்தி, ரெடியா?

கிருசாந்தி: ரெடி.

ஞானசேகரன்: தொப்பிய வைங்க. உங்க நேரத்துக்குச் சுடுங்க.

தங்கமலர்: அப்பனே முருகா…

கிருசாந்தி: சுடுறன்.

தங்கமலர்: என்ன, டிக் எண்டுதான் கேட்டது? மற்றவையளின்ரை எல்லாம் இடி மாதிரிக் கேக்குது.

ஞானசேகரன்: கிருசாந்தி, அசையாதீங்க. அப்படியே டார்கெட்டைப் பார்த்துப் பிடிங்க.

கிருசாந்தி: பிடிச்சிருக்கிறன்.

ஞானசேகரன்: கைய இறக்க வேண்டாம். திரும்பவும் வேண்டாம். உள்ள எங்கயாவது பொறி இருந்தா இப்பக்கூட வெடிக்கும்.

தங்கமலர்: இப்பவோ? வெடிக்காதது பேந்து எப்பிடி—

ஞானசேகரன்: அம்மா! பேசாதீங்க.

கிருசாந்தி: கை உளையுது, சேகர்.

ஞானசேகரன்: இடது கையால மணிக்கட்டைத் தாங்கிக்குங்க. நான் பக்கத்துலதான் நிக்கறேன். இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… சரி. பழைய தொப்பிய எடுத்துட்டுப் புதுசு ஒண்ணு வைங்க. வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும். ம், அடிங்க.

கிருசாந்தி: …திரும்பவும் தொப்பி மட்டும்தான்.

ஞானசேகரன்: பிடிங்க, பிடிங்க. மறுபடியும் அப்படியே நில்லுங்க. …லோடு பண்றதுக்கு முன்னாடி வெறும் தொப்பி ஒண்ணு அடிச்சு வழி சுத்தமா இருக்கான்னு பார்த்தீங்களா?

கிருசாந்தி: …இண்டைக்குப் பாக்கேல்லை.

ஞானசேகரன்: நீங்களா? இந்தக் கிளப்புல அதை மறக்காத ஒரே ஆள் நீங்கதானே!

கிருசாந்தி: இவ காதுக்குள்ள நிண்டு… ஐயோ சேகர், எனக்கு மருந்து போட்டதே ஞாபகம் இல்லை. குண்டைத் துணி சுத்தி இறுக்கினது தெரியும். மருந்து… இல்லை. மருந்து போடேல்லை எண்டுதான் நினைக்கிறன்.

ஞானசேகரன்: கம்பிய உள்ள விட்டு அளவுக்கோட்டைப் பார்த்தா மருந்து இருக்கான்னு தெரியுமே?

கிருசாந்தி: என்ர கம்பியில கோடு அழிஞ்சுபோச்சு. புதுசாக் கீறோணும் கீறோணும் எண்டு விட்டிட்டன்.

ஞானசேகரன்: சரி, விடுங்க. எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கறதுதான். மெதுவா மேசைல வைங்க. வாய் அந்தப் பக்கம். மருந்து இல்லைன்னா பயமே இல்ல. இந்தத் திருகாணிக் கம்பிய வாய்க்குள்ள விட்டு, குண்டுல திருகி இழுத்தா வந்துரும். நீங்க பின்னாடி போங்க, நானே எடுத்துடறேன்.

தங்கமலர்: தம்பி…

ஞானசேகரன்: ஒரு நிமிஷம்மா.

தங்கமலர்: தம்பி, கை அந்த வாய்க்கு முன்னாலை எல்லோ போகுது.

ஞானசேகரன்: முன்னாடி கை வெச்சாத்தான் திருக முடியும்.

தங்கமலர்: கிருசாந்தி, நீ மருந்து போட்டனீ.

கிருசாந்தி: போடேல்லை அக்கா. உங்கட கதையில மறந்துபோனன்.

தங்கமலர்: போட்டனீ பிள்ளை! நான் கண்ணாலை கண்டனான். தம்பி, கையை எடுங்கோ! எடுங்கோ எண்டுறன்! உள்ளுக்கு மருந்து கிடக்கு!

ஞானசேகரன்: …எடுத்துட்டேன். எடுத்துட்டேன்மா. எப்படிச் சொல்றீங்க?

தங்கமலர்: இந்தா, என்ர ஜக்கெற்றின்ர கையைப் பாருங்கோ. கறுப்புப் பொட்டுப் பொட்டா. அவ குப்பியாலை கொட்டேக்க காத்துக்குப் பறந்தது. மிச்சம் முழுக்க உள்ளுக்குப் போனது. மற்ற ஆக்களின்ர அடுப்பில என்ன கொதிக்குதெண்டு பாக்கிற கண் இது, பிழைக்காது.

ஞானசேகரன்: …முருகா. மருந்து இருந்தா, ரெண்டு தொப்பி அடிச்சும் ஏன் பத்தல?

தங்கமலர்: தம்பி, அண்டைக்கு எங்கட—

கிருசாந்தி: அக்கா, காணும். சும்மா இருங்கோ.

தங்கமலர்: சும்மா இருந்தால் இந்தத் தம்பியின்ர கை போயிருக்கும் பிள்ளை.

ஞானசேகரன்: என்ன மறைக்கறீங்க ரெண்டு பேரும்?

கிருசாந்தி: ஒண்டுமில்லை, சேகர். ஈரமாக்கும்.

ஞானசேகரன்: ஈரம் இல்ல. இருங்க, பக்கவாட்டுல நின்னு ஊசியால அந்த ஓட்டையக் குத்திப் பார்க்கறேன். …இது என்ன, மஞ்சளா வருது? கட்டியா… கிருசாந்தி, இது சந்தனம்.

கிருசாந்தி: சந்தனமோ?

ஞானசேகரன்: மோந்து பாருங்க. எங்க வீட்டுலயும் கார், லேப்டாப், மிக்சி எல்லாத்துக்கும் வெச்சோம். ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல. துப்பாக்கிய வெளிய எடுத்து பூஜைக்கு வெச்சீங்களா?

தங்கமலர்: அது தம்பி, என்னெண்டால்…

கிருசாந்தி: விடுங்கோ அக்கா. ஓம் சேகர், வைச்சனான். வீட்டில ஆக்கள் நிக்கேக்க. உங்கட கை அதுக்கு முன்னாலை இருந்ததைக் கண்டாப் பிறகு நான் என்ன பொய் சொல்லுறது? எழுதுங்கோ.

ஞானசேகரன்: எழுதித்தான் ஆகணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. …ஆனா ஓட்டைக்குள்ள போய் ஏங்க வெச்சீங்க?

கிருசாந்தி: நான் பிடியில மட்டும்தான் பொட்டு வைச்சனான். உள்ளுக்கு எப்பிடிப் போனது…

தங்கமலர்: நான்தான்.

கிருசாந்தி: நீங்களோ?

தங்கமலர்: நீ கடலை தாளிக்கக் குசினிக்குள்ள போனாய். நான் சாமிப் படத்தடியில தனிய இருந்தன்.

ஞானசேகரன்: சரிம்மா, பொட்டு வைக்கறப்ப தெரியாம உள்ள போயிருக்கும். விடுங்க.

தங்கமலர்: தெரியாமல் இல்லைத் தம்பி. நெருப்புக்குச்சியின்ர அடியாலை உள்ளுக்குத் தள்ளித் தள்ளி அடைச்சனான். நெருப்புப் போற வழி இதுதான் எண்டு அவதானே காட்டினவ.

கிருசாந்தி: ஏன் அக்கா? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?

தங்கமலர்: நீ எனக்கொண்டும் செய்யேல்லை. …உன்ர மனிசன் சிந்துஜன் உன்னை விட்டிட்டு எஸ்பியர்க்குக்குப் போனாப் பிறகு உன்ர வீட்டில எந்த லைற் எப்ப எரியுது, எப்ப நூருது எண்டு ஊரில ஆருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும். அபிதா கொப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போனாப் பிறகு மேல் அறையில எரியுறதே இல்லை. கீழ் அறையில விடிய விடிய எரியுது. அதோட நீ துவக்கு வாங்கினாய். ஒரு குண்டு போடுற துவக்கு. அண்டைக்கும் கேட்டனான், ஏன் ஒண்டு போடுறதை எடுத்தனீ எண்டு. இண்டைக்குச் சொன்ன மாதிரித்தான் அண்டைக்கும் சொன்னனீ, ஒண்டு காணும் எண்டு. அந்த ஒண்டு ஆருக்கெண்டு நான் யோசியாமல் இருக்கேலுமோ? எனக்கு என்ன தெரியும் பிள்ளை? சட்டமும் தெரியாது, துவக்கும் தெரியாது. வழியை அடைச்சால் வெடிக்காது எண்டு மட்டும் விளங்கினது. இண்டைக்கு ஏன் உன்ர காரில தொத்தி ஏறினனான் எண்டு நினைக்கிறாய்? காடு பாக்கவோ?

ஞானசேகரன்: கிருசாந்தி… நான் அப்படி நகர்ந்து நிக்கட்டுமா?

கிருசாந்தி: வேண்டாம், நில்லுங்கோ. அதுக்குத் தண்ணி விட்டு மருந்தை நனைச்சு, குண்டை எடுத்துப்போட்டு, இனி இது கிளப் அலுமாரியிலயே இருக்கட்டும். நீங்கள் எழுதுறதை எழுதுங்கோ. பொலிஸ் என்ன சொன்னாலும் வீட்டை கொண்டுபோக எனக்கு இது வேண்டாம். சனிக்கிழமையில இஞ்ச வந்து, நீங்கள் பக்கத்தில நிக்கச் சுட விட்டால் காணும்.

ஞானசேகரன்: விடலைன்னாலும் நீங்க வாங்க. கிளப்போட துப்பாக்கி இருக்கு. நான் இருக்கேன்.

தங்கமலர்: என்னோட கோவமோ பிள்ளை? சிந்துஜன் போனாப் பிறகு ஒரு நாளும் என்னை உள்ளுக்குக் கூப்பிடாதனீ, அண்டைக்குத்தான் பூசைக்கெண்டு வாயாலை கேட்டுக் கூப்பிட்டனீ. கூப்பிட்ட வீட்டில நான் இப்பிடிச் செய்துபோட்டன்…

கிருசாந்தி: ஏன் கூப்பிட்டனான் எண்டு நினைக்கிறியள், மலரக்கா? சாமிக்கு முன்னாலை வைச்சால் உங்கட கண் அதில விழும், விழுந்தால் நீங்கள் சும்மா இருக்க மாட்டியள் எண்டு தெரிஞ்சுதான் வைச்சனான். அந்தத் துவக்கு அலுமாரித் திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு வீட்டில தனிய இருக்க… எனக்கும் பயமாத்தான் இருந்தது.