ஒன்பதாம் அடுக்கில் ஏழு பற்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எலி என்றாலே என் மனைவிக்கு அருவருப்பு. அதனால் பத்தொன்பது வருடங்களாக வீட்டில் என் வேலையைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. யாராவது கேட்டால் "ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

சென்ற வருடம் எங்கள் குகைக் குழியில் மண்சுவர் சரிந்து என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, இறந்துபோனதை விசாரித்தவர் நீங்கள். உங்கள் அறிக்கையை நிதானமாக இரண்டு முறை படித்தேன். ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். நான்கு இடங்களில் என்னைப் பற்றி வருகிறது, நான்கிலும் நல்லவிதமாகவே வருகிறது. அவற்றில் மூன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குகையில் ஒரு காலத்தில் ஆந்தைகள் குடியிருந்தன. ஆந்தை எலியையும் மூஞ்சூறையும் முழுசாக விழுங்கி, எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பல்லாயிரம் வருடங்கள் கக்கியது அடுக்கடுக்காக மண்ணில் படிந்து கிடக்கிறது. அதை அடுக்கு வாரியாக வெட்டி மூட்டை கட்டி, மெல்லிய சல்லடையில் அலசி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழே ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு பல்லாகப் பொறுக்க வேண்டும். கடுகை நாலாக வெட்டினாற்போல இருக்கும். மணல் எலியின் பல் வந்தால் அந்தக் காலத்தில் அங்கே வறண்ட நிலம். செம்பல் மூஞ்சூறு வந்தால் பக்கத்தில் தண்ணீர் இருந்திருக்கிறது. யானை கால் போன போக்கில் எங்கும் போகும். எலி வளையை விட்டு அதிக தூரம் போகாது. ஆகவே பழைய நிலம் எப்படி இருந்தது என்பதற்கு எலிதான் நம்பகமான சாட்சி.

ஒரு அடுக்கின் மண்ணை அலசிய சல்லடையை மூன்று தண்ணீரில் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்த பிறகே அடுத்த மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கண்ணியில் ஒரு பல் சிக்கி நின்றாலும் ஐயாயிரம் வருடங்கள் தப்பாகிவிடும். எல்லோருடைய சல்லடையையும் கழுவி வைப்பது என் பொறுப்பு. நிலையத்தில் என் பெயரே "சல்லடைக்காரர்". கிண்டலாகத்தான் ஆரம்பித்தது, போகப்போக மரியாதையாகிவிட்டது. பத்தொன்பது வருடங்களில் கழுவாத சல்லடை ஒன்றுகூட என் கையிலிருந்து போனதில்லை.

என் மைத்துனன் பெரிய படிப்பெல்லாம் முடித்துவிட்டு வந்தவன். எங்கள் நிலையத்தில் இடம் காலியாக இருப்பதை அவனுக்குச் சொன்னவனே நான்தான். வந்த மாதமே எல்லோருக்கும் "டாக்டர் தம்பி" ஆகிவிட்டான். ஜன்னலோர மேசையில் வெளிச்சம் நன்றாக விழும், பத்து வருடங்களாக அது என் மேசை. "டாக்டர் தம்பிக்குக் குடுத்துடுவோமே, நீங்க எங்க உக்காந்தாலும் பொறுக்கிடுவீங்க" என்றார் பேராசிரியர். கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். தட்டில் கை வைக்கும் முன்பே எலி புராணம் ஆரம்பமாகிவிடும்.

"அக்கா, உன் அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு ஓடுதே, அதோட கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா பல்லு என்கிட்ட பத்திரமா இருக்கு. அப்படியே உன்னை மாதிரி. முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் தூக்கல்."

"போடா, எலி டாக்டர்" என்று அவள் சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று வைப்பாள். அப்புறம் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு மேலே மேலே கேட்பாள். அருவருப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. ஒருநாள் என் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்களும் இதே வேலைதானே பண்றீங்க? இவ்வளவு சுவாரசியமா இருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள். நான் தண்ணீர் எடுத்துவர எழுந்துபோனேன்.

பற்களை வைத்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை.

என் ஏழாவது வருடத்தில் பழைய ஏரிப் படுகையில் ஒரு குழி வெட்டினோம். அங்கே நான்காம் அடுக்கில் செம்பல் மூஞ்சூறின் பற்கள் ஏழு எடுத்தேன். உடம்பெல்லாம் பால் வெள்ளை, நுனி மட்டும் துருச் சிவப்பு. அத்தனை அழகான பற்களை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பேராசிரியர் எட்டிப் பார்த்து "அப்படி வைங்க" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுக்கப் போனார். கண்ணாடிக் குழாயில் போட்டு வைத்தேன். பதினோரு வருடங்கள் யாரும் கேட்கவில்லை.

குகையின் ஒன்பதாம் அடுக்கு மிக வறண்ட காலத்தின் மண். மைத்துனன் பொறுக்கிக்கொண்டிருந்த தட்டில் எல்லாமே மணல் எலி. அவன் தேநீருக்குப் போயிருந்த நேரத்தில் என் ஏழையும் அந்தத் தட்டில் தூவிவிட்டேன். அவன் துள்ளிக் குதிப்பான், வேறு மண் கலந்திருக்கிறது என்று பேராசிரியர் சிரிப்பார், கொஞ்ச நாள் வாய் மூடியிருப்பான். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

பேராசிரியர் சிரிக்கத்தான் சிரித்தார். "ஏழு பல்லை வெச்சுக்கிட்டு ஒரு நீரூத்தையே தோண்டிட்டியேப்பா" என்று அவன் முதுகைத் தட்டினார். அன்றிலிருந்து பாலை நடுவில் இருந்த ஊற்று என்பதே நிலையம் முழுக்கப் பேச்சு. கட்டுரை எழுத ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு என் மனைவி இரண்டு மணி நேரம் ஊற்றுக் கதை கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து, சல்லடை கழுவும் குழாயடிக்கு அவன் தனியாக வந்தான்.

"அத்தான், ஒரு நிமிஷம். அந்த ஏழுல ரெண்டுக்கு வேர்க் குழியில கறுப்புச் சேறு ஒட்டியிருக்கு. நம்ம ஒன்பது செம்மண்ணு இல்லையா?"

நான் குழாயை மூடவில்லை.

"அந்த வாரம் நீங்க ஏரிப் படுகை மிச்ச மூட்டையெல்லாம் அலசிக்கிட்டிருந்தீங்க. சல்லடை சரியா கழுவாம வந்திருக்கும். விடுங்கத்தான், கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்? உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அக்காகிட்டகூட மூச்சு விட மாட்டேன். வெள்ளிக்கிழமை ஒன்பதுல இன்னொரு மூட்டை எடுத்துப் பாத்துடுவோம். அதுல சிவப்பு இல்லேன்னா தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தான். வைத்துவிட்டு, இரண்டு முறை தட்டவும் செய்தான்.

ஐயா, நான் செய்த தப்பைக் கண்டுபிடித்துத் திட்டியிருந்தால் தலை குனிந்திருப்பேன். என் ஆயுசில் செய்யாத ஒரு தப்புக்கு அவன் எனக்கு மன்னிப்புக் கொடுத்தான். அந்தக் கை வைத்த இடம் அன்று முழுக்கக் கனமாக இருந்தது.

இனி உங்கள் அறிக்கை.

இரண்டாம் பக்கத்தில், "உதவியாளர் தாங்கிகளை முறைப்படி சரிபார்த்திருந்தார்" என்று இருக்கிறது. குழி இரண்டு ஆள் ஆழம். இரு பக்கமும் பலகை, பலகைகளுக்குக் குறுக்கே நான்கு இரும்புத் திருகுத் தாங்கிகள். மழை பெய்தால் நான்கையும் திருகி இறுக்கி, மேல் பலகையில் சுண்ணக்கட்டியால் தேதியும் டிக்கும் போடுவேன். டிக் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்கு முன் மூன்று நாள் விடாத மழை. நான் டிக் மட்டும் போட்டேன். அதைப் பார்த்து அவன், "அத்தான் டிக் போட்டாச்சுன்னா மலையே அசையாது" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினான்.

அதே பக்கத்தின் கீழே, "உதவியாளர் இறுக்கிய பிறகும் ஈரத்தால் தாங்கிகள் தளர்ந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரத்துக்கு அவ்வளவு வலு கிடையாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் காலையிலேயே நான்கு நான்கு சுற்று தளர்த்தியவன் நான். ஒன்பதாம் அடுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

மூன்றாம் பக்கத்தில், "உடனே உதவிக்கு ஓடினார்" என்று இருக்கிறது. அவன் மண்ணை வெட்டி மூட்டை கட்டி வாளியில் அனுப்பினான். மேலே இழுத்து மூட்டையை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் சுவர் வந்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, யாரோ ஒரு சாக்கை இறக்கி வைத்தது போல இருந்தது. மற்றவர்கள் பாறைக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து "அத்தான்" என்று இரண்டு முறை கேட்டது. நான் உட்கார்ந்து மூட்டைக்குச் சீட்டு எழுதினேன். அடுக்கு எண், தேதி, எடுத்தவர் பெயர். ஒரு சீட்டு உள்ளே, ஒன்று வெளியே. அதுதான் எங்கள் முறை. கைக்கடிகாரத்தில் பதினோரு நிமிடம் ஆன பிறகு ஓடினேன். அப்போது நிஜமாகவே வேகமாகத்தான் ஓடினேன்.

"அமைதியான, பொறுப்புள்ள மனிதர்" என்ற வரியை மாற்ற வேண்டியதில்லை.

அந்த மூட்டையைப் பிறகு நானே அலசினேன். மணல் எலிப் பற்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, சிவப்பு ஒன்றுகூட இல்லை. என் மேசையில் வலது இழுப்பறையில் சீட்டோடு இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

கறுப்புச் சேற்றைப் பற்றி அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டான். கட்டுரையைப் பேராசிரியர் அழுதுகொண்டே முடித்தார். இப்போது கண்காட்சிக் கூடத்தில் என் பற்கள் ஏழும் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லென்ஸ், பக்கத்தில் அவன் புகைப்படம், கீழே அவன் பெயர் அச்சடித்த அட்டை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். என் மனைவி ஞாயிறுதோறும் போய் ஒரு மணி நேரம் நிற்கிறாள். போன வாரம் என்னையும் கூட்டிப்போனாள். "இத்துனூண்டு பல்லு, எப்படிங்க அவன் கண்ணுல பட்டுது? எல்லாருக்கும் அந்தக் கண்ணு வராது, இல்ல?" என்று என்னையே கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வீடு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

இதற்கு மேல் பொறுத்துப் பயனில்லை என்று அன்றுதான் முடிவு செய்தேன். அந்தப் பற்களைக் கண்டெடுத்தவன் நான். என் ஏழாம் வருடக் குறிப்பேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது. வேர்க் குழியில் உள்ள சேற்றைச் சோதித்தால் மீதியும் விளங்கிவிடும். சட்டப்படி எனக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

பொறாமையில் செய்துவிட்டான் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அது என் சுபாவத்திலேயே கிடையாது. அட்டையில் என் பெயரைப் போட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அவன் பெயரை எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சல்லடைக்காரர்